டிக்கெட் வாங்கி விண்வெளிக்குப் போனவர்கள்

2013 அக்டோபர் முதல் வாரத்தில் அமெரிக்கத் தியேட்டர்காரர்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 3டி என்றாலே முகம் சுளிக்கத் தொடங்கியிருந்த கூட்டம், கூடுதல் காசு கொடுத்துக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனது. 2009 டிசம்பரில் 'அவதார்' கிளப்பிவிட்ட 3டி மோகம் நான்கே வருடத்தில் வடிந்திருந்தது. அந்தக் கோடையில் வந்த சில பெரிய அனிமேஷன் படங்களுக்கு முதல் வார வசூலில் மூன்றில் ஒரு பங்குகூட 3டி காட்சிகளிலிருந்து தேறவில்லை. அல்ஃபோன்சோ குவாரோனின் 'கிராவிட்டி'க்கோ முதல் மூன்று நாளில் வந்த 5.58 கோடி டாலரில் சுமார் 80 சதவீதம் 3டியில் வந்தது. ஐந்தில் ஒரு பங்கு ஐமேக்ஸ் திரைகளில் மட்டும். அக்டோபர் மாதத்தில் அதுவரை எந்தப் படமும் அப்படித் தொடங்கியதில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் பாதியாகச் சரிவதுதான் பெரிய படங்களின் வழக்கம். இது 23 சதவீதம்தான் இறங்கியது. விளம்பரத்தால் மட்டும் இப்படி நிற்காது. பார்த்தவர்கள் போய்ப் பக்கத்து வீட்டில் சொன்னால்தான் நிற்கும்.

அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? கதையையா? கதை ஒரு வரிதான். ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன இரண்டு பேர். உடைந்த செயற்கைக்கோள்களின் சிதறல் வந்து விண்வெளி ஓடத்தை நொறுக்குகிறது. எஞ்சிய பெண் பூமிக்குத் திரும்பியாக வேண்டும். 91 நிமிடம். அந்த ஒரு வரிக்காக யாரும் இன்னொருவரைத் தியேட்டருக்கு அனுப்ப மாட்டார்கள். தங்கள் உடம்புக்கு நேர்ந்ததைத்தான் சொன்னார்கள்: மூச்சு நின்றது, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தேன், தலை சுற்றியது. இன்னொரு கட்சியும் அன்றே கிளம்பிவிட்டது. "கிராஃபிக்ஸ் பிரமாதம், சரி, படம் எங்கே?"

இந்தச் சண்டை சினிமாவுக்குள் தீராது. ஏனென்றால் பார்வையாளரை நாற்காலியில் உட்காரவைத்து விண்வெளிக்கு அனுப்பும் தொழில் சினிமாக் கொட்டகையில் பிறக்கவில்லை. அது பிறந்தது பொருட்காட்சித் திடலில்.

1901-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் 'பான் அமெரிக்கன்' பொருட்காட்சி நடந்தது. அதிபர் மெக்கின்லி அந்த வருடம் செப்டம்பரில் சுடப்பட்டது அங்கேதான் என்பதால் வரலாற்றில் இடம்பிடித்துவிட்ட பொருட்காட்சி. வந்த ஜனங்கள் முண்டியடித்தது வேறொன்றுக்கு. ஃபிரெடெரிக் தாம்ப்சன் என்பவர் 'நிலவுக்கு ஒரு பயணம்' என்று ஒரு கொட்டகை போட்டிருந்தார். மற்றக் கொட்டகைகளில் 25 சென்ட் கட்டணம் என்றால் இங்கே 50. இருட்டுக்குள் 'லூனா' என்ற கப்பல் தொங்கும். சுருட்டு வடிவம், இரு பக்கமும் கித்தான் சிறகுகள். ஒரு தடவைக்கு 30 பேர் ஏறி உட்கார, சிறகு அடிக்கும், தளம் ஆடும், விசிறிகள் முகத்தில் காற்றை வீசும். கப்பல் இருந்த இடத்தைவிட்டு ஓரடிகூட நகராது. சுற்றியிருக்கும் வரைதிரைகள் நகரும். கீழே பஃபலோ நகரம் விலகும், நயாகரா அருவி சிறுத்துப் போகும், மின்னல் வெட்டும் மேகக்கூட்டத்தைத் தாண்டினால் நிலவு. இறங்கினால் குள்ள மனிதர்கள் நிலவுவாசிகளாக வேடமிட்டு வரவேற்பார்கள், கையில் பச்சைப் பாலாடைக்கட்டித் துண்டு கொடுப்பார்கள்.

கதை ஏதும் கிடையாது. இரட்டைக் கட்டணம் கொடுத்த யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தாம்ப்சனின் கொட்டகை அடுத்த வருடம் நியூயார்க்கின் கோனி தீவுக்கு மாறி, 1903-ல் 'லூனா பார்க்' என்ற பெரிய கேளிக்கைப் பூங்காவாக வளர்ந்தது. உலகின் பல ஊர்களில் அந்தப் பெயரில் இன்றும் பூங்காக்கள் இருக்கின்றன.

பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேயின் நிலவுப் படம் தாம்ப்சனின் பஃபலோக் கொட்டகைக்கு ஒரு வயது இளையது. 1902 செப்டம்பரில் பாரிஸில் வந்தது. அன்றைக்குப் படத்தை வாடகைக்கு விடும் பழக்கமில்லை; சுருளாகவே விற்பார்கள். வாங்குபவர்கள் பெரும்பாலும் சந்தைக் கொட்டகைக்காரர்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடும் துண்டுப் படங்களையே வாங்கிப் பழகியவர்களுக்கு 260 மீட்டர் நீளச் சுருளின் விலையைக் கேட்டதும் மலைப்பு. மெலியே தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறபடி, ஒரு கொட்டகைக்காரருக்கு ஒரு ராத்திரி இனாமாகக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வாசலில் தட்டியைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்களாம். நிலவுக்குப் போய்ப் படம் பிடிக்க முடியுமா, யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று. ஏமாறத் துணிந்து உள்ளே போன சிலர் போட்ட கைதட்டல் வெளியே கேட்க, கொட்டகை நிரம்பி நடுநிசிவரை காட்சி ஓடியது. விற்பனை நடந்தது. திருட்டுப் பிரதியும் கூடவே நடந்தது; அமெரிக்காவில் அந்தப் படத்தால் அதிகம் சம்பாதித்தவர்கள் மெலியேக்கு ஒரு காசும் தராதவர்கள்.

1929 அக்டோபரில் பெர்லினில் ஃபிரிட்ஸ் லாங்கின் 'நிலவில் பெண்' வந்தபோது ஜெர்மன்காரர்கள் கொட்டகையின் முகப்பையே வானமாக்கிவிட்டார்கள். உஃபா பாலஸ்ட் தியேட்டர் வாசலில் பூமிக்கும் நிலவுக்கும் நடுவே ஒரு ராக்கெட் பொம்மை போய்வந்தது. இறங்குமுகமாக எண்ணி ராக்கெட்டை ஏவும் வழக்கத்தைப் பொதுஜனம் முதலில் பார்த்தது இந்தப் படத்தில்தான்.

ஆனால் இந்த வரலாற்றின் பெரிய கலவரம் 1968-ல் நடந்தது. ஏப்ரல் 2, வாஷிங்டன், அப்டவுன் தியேட்டர். வளைந்த சினிராமா திரையில் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. அடுத்த நாள் நியூயார்க், அதற்கடுத்த நாள் லாஸ் ஏஞ்சலஸ். அழைப்பிதழோடு வந்தவர்கள் நடுத்தர வயதைத் தாண்டிய பெரிய மனிதர்கள். படம் தொடங்கி 20 நிமிடத்துக்கு மேல் ஒரு வார்த்தை வசனம் இல்லை. மனிதக் குரங்குகள் உறுமிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு விண்கலம், வால்ட்ஸ் இசைக்கு ஏற்ப, அவசரமே இல்லாமல் ஒரு விண்வெளி நிலையத்தில் போய்ச் சேர்கிறது. ஜனங்கள் நெளிந்தார்கள், எழுந்து போனார்கள். நடிகர் ராக் ஹட்சன் லாஸ் ஏஞ்சலஸ் காட்சியில் பாதியில் எழுந்து, இது என்ன எழவு என்று யாராவது சொல்வீர்களா என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே நடையைக் கட்டியதை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பதிவு செய்திருக்கிறார். குப்ரிக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். நியூயார்க் காட்சியின் இடைவேளையில் அவர் கண்கலங்கி வெளியேறினார் என்று சொல்லப்படுகிறது. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ரெனாட்டா ஆட்லர், இந்தப் படம் மயக்குகிறதா கழுத்தறுக்கிறதா என்று முடிவுசெய்ய முடியாத இடத்தில் நிற்கிறது என்ற பொருளில் எழுதினார். சில நாளில் குப்ரிக் கத்தரிக்கோலை எடுத்து சுமார் 19 நிமிடத்தை வெட்டினார்.

கத்தரி காப்பாற்றியதோ இல்லையோ, வேறொரு கூட்டம் காப்பாற்றியது. எம்.ஜி.எம். நிறுவனம் படத்தைத் தூக்கிவிட நினைத்த சமயத்தில் சில தியேட்டர்காரர்கள் வேண்டாமென்று தடுத்தார்கள். தினமும் புதுப்புது இளவட்டங்கள் வருகிறார்கள், வந்தவர்களே திரும்பவும் வருகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்த இளைஞர்கள் பின்வரிசை சொகுசு நாற்காலிகளைத் தேடவில்லை. முன்வரிசையை அடித்துப் பிடித்தார்கள். கடைசி அரை மணி நேரத்தில் விண்கலம் ஒளிச் சுரங்கத்துக்குள் பாயும்போது திரைக்கு முன்னால் தரையில் மல்லாந்து கிடந்து பார்த்தார்கள். அரங்கில் கஞ்சாப் புகை. நிறுவனமும் புத்திசாலித்தனமாகச் சுவரொட்டியை மாற்றி, 'இதைவிடப் பெரிய பயணம் இல்லை' என்கிற தொனியில் ஒரு வாசகத்தைப் போட்டது. தாம்ப்சன் பஃபலோவில் விற்றதும் இதைத்தான். பெரிய மனிதர்கள் நாடகம் பார்க்க வந்து ஏமாந்தார்கள். பையன்கள் ராட்டினம் ஏற வந்தார்கள், கொடுத்த காசு சரியாகிவிட்டது என்று போனார்கள். விண்ணில் முதன்முதலாக நடந்த மனிதரான அலெக்சி லியோனோவ் படத்தைப் பார்த்துவிட்டு, தான் இப்போது இரண்டாம் முறை விண்வெளிக்குப் போய்வந்ததாக உணர்வதாகச் சொன்னார். தரையில் கிடந்த பையன்களின் தீர்ப்பும் ஏறக்குறைய அதேதான்.

விண்வெளியில் மாட்டிக்கொண்டு தப்பிப்பது என்ற தனி வகைக்கு மூலம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1969 கடைசியில் வந்த 'மரூண்ட்'. கிரெகரி பெக் நடித்தது. என்ஜின் பழுதாகி மூன்று பேர் சுற்றுப்பாதையில் தவிப்பார்கள், ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். காட்சி ஜாலத்துக்கான ஆஸ்கர் இதற்குக் கிடைத்தது 1970 ஏப்ரல் 7 இரவு. நான்கே நாளில் அப்போலோ 13 புறப்பட்டது. 13-ஆம் தேதி அதன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது.

மெக்சிகோ நகரத்தில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த சிறுவர்களில் ஒருவர் குவாரோன். பின்னாளில் அவர் தன் சிறுவயதைப் படமாக்கிய 'ரோமா'வில் பிள்ளைகள் சாலையில் ஓட்டமெடுத்துப் போய்ப் பார்க்கும் படம் 'மரூண்ட்' தான். விண்வெளி உடையோடு ஒருவர் கறுப்பில் மிதக்கும் காட்சி அப்படியே வருகிறது. 'ரோமா'வை உலகம் பெரும்பாலும் நெட்ஃபிளிக்ஸில், வீட்டுச் சோபாவில் பார்த்தது. அது இருக்கட்டும்.

நடந்த கதையையே எடுத்தாலும் தியேட்டர் ஜனம் நம்பிவிடும் என்று சொல்ல முடியாது. ரான் ஹோவர்ட் 1995-ல், தொட்டி வெடித்தும் உயிரோடு திரும்பியவர்களின் கதையை 'அப்போலோ 13' என்று எடுத்தபோது நாசாவின் கேசி-135 விமானத்தில் நடிகர்களை ஏற்றி, 600-க்கும் மேற்பட்ட தடவை விமானத்தைச் சரிவாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் கிடைத்த இருபது சொச்ச விநாடி எடையின்மையில் காட்சிகளைச் சேர்த்தார். வெளியீட்டுக்கு முன் ஒரு சோதனைக் காட்சி போட்டு, வந்தவர்களிடம் கருத்து அட்டை கொடுத்தார்கள். எல்லாரும் புகழ்ந்திருக்க, ஓர் இளைஞர் மட்டும் விளாசித் தள்ளியிருந்தார்: வழக்கமான ஹாலிவுட் முடிவு, நிஜத்தில் இவர்கள் உயிரோடு திரும்பியிருக்கவே மாட்டார்கள். ஹோவர்ட் இதைப் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

திரை பெரிதாகப் பெரிதாக உடம்பு ஏமாறுவது எப்படி என்பதற்கு விளக்கம் இருக்கிறது. காதின் உட்பகுதியில் சமநிலையை அறியும் உறுப்பு ஒன்று உண்டு. நாம் அசைகிறோமா இல்லையா என்பதை அதுவும் கண்ணும் சேர்ந்துதான் மூளைக்குச் சொல்கின்றன. கண்ணின் ஓரப்பார்வை முழுவதையும் நகரும் படம் நிறைத்துவிட்டால், காது 'சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்' என்று சொன்னாலும் மூளை கண்ணை நம்பிவிடுகிறது. பக்கத்து ரயில் கிளம்பினால் நம் ரயில் நகர்வதாகத் தோன்றுவது இதனால்தான். நிஜ விண்வெளியில் இது தலைகீழ்: கண் சுவரைப் பார்த்து நிலையாக இருக்கிறோம் என்கிறது, காது விழுந்துகொண்டே இருக்கிறோம் என்கிறது, முதல் சில நாள் பல விண்வெளி வீரர்களுக்குக் குமட்டல். கையடக்கத் திரையில் அந்த ஓரப்பார்வை நிறையாது. அதனால் அங்கே கதையும் நடிப்பும் மட்டுமே மிஞ்சும்.

இந்த வித்தையைத் தொழிலாக்கியது ஐமேக்ஸ். 1970 ஒசாகா பொருட்காட்சியில் அறிமுகமானது. பிறந்த இடம் மறுபடியும் பொருட்காட்சித் திடல் என்பதைக் கவனிக்கலாம். 1976 ஜூலை 1-ல் வாஷிங்டனில் விமான, விண்வெளி அருங்காட்சியகம் திறந்தபோது அதன் அரங்கில் 'டு ஃபிளை' என்ற குறும்படம் ஓடியது. முதலில் திரையின் நடுவில் பழைய காலத்துச் சின்னச் சட்டத்துக்குள் ஒரு பலூன். பலூன் ஏறியதும் படம் சட்டென்று ஐந்து மாடி உயரத்துக்கு விரியும். அந்த இடத்தில் அரங்கமே வாய்பிளக்கும். 1985-ல் வந்த 'த ட்ரீம் இஸ் அலைவ்' படத்துக்கு ஓடத்தில் பறந்த வீரர்களே கேமரா பிடித்தார்கள். 2009 மே மாதம் ஹப்பிளைக் கடைசியாகப் பழுதுபார்க்கப் போன அட்லாண்டிஸ் ஓடத்தின் சரக்கறையில் ஒரு 3டி ஐமேக்ஸ் கேமரா இருந்தது. அதில் ஏற்றியிருந்த பிலிம் சுமார் ஒரு மைல் நீளம். ஓடக்கூடியது எட்டு நிமிடம். திரும்ப ஏற்ற வழியில்லை. எந்தத் திருகாணியைக் கழற்றும்போது பொத்தானை அழுத்துவது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருந்தது. 'ஹப்பிள் 3டி' அப்படி வந்தது, 2010-ல்.

மூன்று வருடம் கழித்து குவாரோன் தன் கதையை அதே ஹப்பிளின் முன்னால் தொடங்கினார், ஏறத்தாழ 13 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே காட்சியாக. எட்டு நிமிட பிலிமின் கட்டுப்பாடு அவருக்கு இல்லை. லண்டனின் ஃபிரேம்ஸ்டோர் நிறுவனத்தில் டிம் வெபர் குழு கணினியில் பெரும்பாலானதைக் கட்டியது. பல காட்சிகளில் சாண்ட்ரா புல்லக்கின் முகம் மட்டுமே நிஜம். ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கி, உட்சுவரெங்கும் எல்.ஈ.டி பலகைகள் பதித்த ஒரு பெட்டி செய்யச்சொன்னார். நடிகை உள்ளே அசையாமல் நிற்பார். பூமியும் சூரியனும் சுவரில் சுழன்று அவர் முகத்தில் வெளிச்சத்தை ஓட்டும். பஃபலோக் கப்பலின் அதே தந்திரம், ஆளை நிறுத்தி உலகைச் சுற்றுவது. எடையின்மையில் உடம்பு எப்படி அசையும் என்று புல்லக் கேட்டறிந்தது, அப்போது விண்வெளி நிலையத்திலேயே இருந்த கேடி கோல்மனிடம், தொலைபேசியில். எல்லாம் அவ்வளவு பொருந்திவந்ததால்தானோ என்னவோ, மெக்சிகோவில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் ஒருவர் எழுந்து விண்வெளியில் படப்பிடிப்பு நடத்துவதில் என்ன சிரமம் என்று கேட்டார். மூன்றரை மாதம் மேலே இருந்தோம் என்று குவாரோன் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொன்னார். கேட்டவர் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்காரர். இணையத்தில் பாதிப்பேர் அதை நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்.

தியேட்டரில் அதிகம் வேலை செய்தது சத்தம் இல்லாத இடங்கள். விண்வெளியில் காற்றில்லை, சத்தமும் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு விண்வெளி நிலையத்தைத் தூள்தூளாக்கிவிட்டு வெடிச்சத்தம் போடாமல் விடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். கையுறை எதையாவது தொட்டால் மட்டும் அதன் வழியே ஓர் அதிர்வு கேட்கும். மற்ற நேரமெல்லாம் புல்லக்கின் மூச்சும், ஸ்டீவன் பிரைஸின் இசையும். பாப்கார்ன் கொறிப்பதுகூடத் தப்பாகப்படும் அமைதி அது. சோயுஸ் கலத்தில் அவர் அழும்போது ஒரு துளிக் கண்ணீர் கன்னத்தைவிட்டுப் பிரிந்து, உருண்டையாகி, மெதுவாக அரங்கத்தை நோக்கி மிதந்து வருகிறது. 3டியில் பொருளை முகத்தில் எறிவதே பிழைப்பாக இருந்த காலத்தில், ஒரு துளித் தண்ணீரை அனுப்பிவைத்தார்கள்.

அறிவாளிகள் கட்சியும் சும்மா இருக்கவில்லை. வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் ட்விட்டரில் குறைகளை அடுக்கினார். ஹப்பிள் அப்போது சுற்றியது சுமார் 560 கிலோமீட்டர் உயரத்தில், சர்வதேச நிலையம் சுமார் 400-ல். ஒன்றிலிருந்து ஒன்று கண்ணுக்குத் தெரியாது. சிதறல்கள் ஓடும் திசை தப்பு. புல்லக்கின் தலைமுடி ஏன் மிதக்கவில்லை? எல்லாம் சரிதான். கடைசியில் அவரே படம் மிகவும் பிடித்திருந்தது என்றும் சொல்லிவிட்டார். நிஜ வீரர்கள் நிஜ விண்வெளியில் இருப்பதைவிடக் கற்பனை விண்வெளியை ஏன் ஜனங்கள் அதிகம் ரசிக்கிறார்கள் என்று கேட்டதுதான் அவர் கேள்விகளில் உருப்படியானது. போய்வந்தவர்கள் தாராளமாக இருந்தார்கள். பஸ் ஆல்ட்ரின், எடையின்மையைக் காட்டிய விதத்தை வாயாரப் புகழ்ந்து எழுதினார். 2009-ல் ஹப்பிளைப் பழுதுபார்த்தவர்களில் ஒருவரான மைக் மாசிமினோவுக்கு வேறொரு ஆச்சரியம்: தன் விண்நடைக்கென்றே தனியாகச் செய்த ஒரு கம்பிவெட்டி அச்சுஅசலாகப் படத்தில் இருந்தது.

படம் உலகெங்கும் 72 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது, ஏழு ஆஸ்கர் வாங்கியது. தொலைக்காட்சியில் பின்னால் பார்த்தவர்களில் பலர் இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ராட்டினத்தை அவர்கள் புகைப்படத்தில் பார்த்தார்கள்.

அதே வித்தையை அடுத்த வருடம் கிறிஸ்டோஃபர் நோலன் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் காட்டியபோது ஜனங்கள் காதைப் பொத்தினார்கள். ஆர்கன் இசையும் ராக்கெட் இரைச்சலும் வசனத்தை விழுங்கிவிட்டதாகப் புகார். நியூயார்க் மாநிலத்தில் ஒரு தியேட்டர், எங்கள் ஒலிக்கருவிகளில் கோளாறு இல்லை, படமே இப்படித்தான் என்று அறிவிப்பு ஒட்டியது. நோலன் அசரவில்லை, வேண்டுமென்றேதான் செய்தேன் என்றார். கதை பாதி புரியாமல் வெளியே வந்தவர்களே பத்து வருடம் கழித்து மறுவெளியீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஐமேக்ஸ் அரங்குகள் நிரம்பின. இந்தியாவில் அப்போது வெளியிட முடியவில்லை. ஐமேக்ஸ் திரைகள் 'புஷ்பா 2' கையில் இருந்தன. ஓடிடியில் வீட்டிலேயே பார்த்துவிட்ட படத்துக்காக ரசிகர்கள் இணையத்தில் சண்டை போட்டார்கள். 2025 பிப்ரவரி 7-ல் ஒருவழியாக வந்தது. ஒரு வாரம்தான் இடம் கிடைத்தது. 14-ஆம் தேதி 'சாவா' என்ற இந்திப் படத்துக்குத் திரைகளை விட வேண்டியிருந்தது. மார்ச் 14-ல் மறுபடியும் கொண்டுவந்து ஓட்டினார்கள்.